உப்பில்லாச் சாறு

கும்பகோணத்தை அடுத்த திருநாகேஸ்வரத்தில் எழுந்தருளியுள்ள எம்பெருமானுக்கு ஒப்பிலியப்பன் என்பது திருநாமம். தனக்கு ஒப்பில்லாதவன் என்பது அதன் பொருள். அத்திருநாமமே மக்கள் வழக்கில் உப்பிலியப்பன் என்றும் வழங்கலாயிற்று. அதற்கேற்ப, அத்தலத்தில் பெருமாளுக்குரிய நிவேதனங்கள் உப்பின்றியே சமைக்கப்படுகின்றன. மார்க்கண்டேய மகரிஷியின் திருமகளாக வளர்ந்த பூமிதேவியைப் பெண் கேட்டு வந்தார் பெருமாள். இவள் சிறு பெண், உப்பிட்டுச் சமைக்கவும் அறியாதவள் என்று மகரிஷி தயங்கினார். உப்பில்லாத உணவையே மகிழ்ந்து ஏற்பதாகப் பெருமாள் வாக்களித்தார் என்பது தலபுராணம். இன்றும் திருவோண நாள்தோறும் உப்பில்லா உணவு உண்டு அவனை வழிபடுவோர் உண்டு.

இவ்வழக்கத்தின் காரணம் பக்தியே, மருத்துவம் அன்று. ஆயினும் அறுபது வயதைக் கடந்த அன்பர் ஒருவர் இரத்த அழுத்தத்திற்காக மருத்துவரை நாடும்போது அவர் கேட்கும் முதல் அறிவுரையும் உப்பைக் குறையுங்கள் என்பதாகவே இருக்கிறது. அந்த அறிவுரையைக் கடைப்பிடிப்போர் சிலரே. அதைவிட எளிதென்று பலர் தாமாகவே மேற்கொள்வது காய்கறிச் சாறு. பூங்கா வாசல்களில் விடியற்காலையிலேயே வெண்பூசணிச் சாறும் வாழைத்தண்டுச் சாறும் அருகம்புல் சாறும் விற்பனைக்கு வந்துவிடுகின்றன. நடைப்பயிற்சி முடித்தவரும் கோயிலுக்குச் சென்று திரும்புபவரும் ஒரு குவளை அருந்திவிட்டு, இனி அழுத்தம் இறங்கிவிடும் என்று நிம்மதி கொள்கின்றனர். சிலர் அந்த நம்பிக்கையில் மாத்திரையையும் நிறுத்திவிடுகின்றனர். சாற்றினால் பயன் உண்டா, உண்டெனில் எந்த அளவு, அது மாத்திரைக்கு ஈடாகுமா என்பவை முதியோர் உள்ள ஒவ்வோர் இல்லத்திலும் தெளிவாக அறிந்திருக்க வேண்டிய செய்திகளாகும்.

ஓசையின்றி வளரும் நோய்

இதயம் சுருங்கிக் குருதியை வெளியே தள்ளும்போது இரத்தக் குழாயின் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் அளவு. இதயம் விரிந்து ஓய்வு கொள்ளும்போது எஞ்சி நிற்பது கீழ் அளவு. 120-க்கு 80 என்பது நல்ல நிலை. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140-க்கு 90 என்ற அளவிலோ அதற்கு மேலோ நின்றால் அதனை உயர் இரத்த அழுத்தம் என்பர். வயது ஏற ஏற இரத்தக் குழாய்கள் தம் நெகிழ்வை இழந்து விறைப்பதால், முதியோர்க்குப் பெரும்பாலும் மேல் அளவே உயர்ந்து காணப்படும்.

இந்நோய் வலிப்பதில்லை. காய்ச்சலைப் போல் படுக்கையில் தள்ளுவதும் இல்லை. தலைவலியோ மயக்கமோ இல்லாததால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று கொள்வது பிழையாகும். அறிகுறி எதுவுமின்றிப் பல ஆண்டுகள் உயர்ந்து நின்று, பின் ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகக் கேடாகவோ அது வெளிப்படும். ஆகவே ‘சாறு குடித்தேன், உடம்பு இலேசாக இருக்கிறது’ என்னும் உணர்வை அளவுகோலாகக் கொள்ளலாகாது. கருவியில் தெரியும் எண்ணே அளவுகோல்.

சாற்றில் உள்ள இரு பொருள்கள்

காய்கறிச் சாற்றுக்கு இரத்த அழுத்தத்தைச் சற்றே தணிக்கும் இயல்பு உண்டு என்பது வெறும் நம்பிக்கை அன்று. அதற்குக் காரணமான பொருள்களுள் இரண்டு முதன்மையானவை.

முதலாவது பொட்டாசியம். உப்பில் உள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்கி அழுத்தத்தை உயர்த்துகிறது. பொட்டாசியமோ அந்தச் சோடியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றச் சிறுநீரகத்திற்குத் துணை செய்கிறது; இரத்தக் குழாய்ச் சுவர்களின் இறுக்கத்தையும் தளர்த்துகிறது. கீரைகள், வாழைத்தண்டு, தக்காளி, பீட்ரூட் முதலியவற்றில் இது அடங்கியுள்ளது.

இரண்டாவது நைட்ரேட். பீட்ரூட், முள்ளங்கி, தண்டுக்கீரை, முளைக்கீரை, பசலைக்கீரை போன்றவற்றில் இது இயற்கையாகவே மிகுந்துள்ளது. இது செயல்படும் விதம் வியப்பிற்குரியது. உண்ட நைட்ரேட்டின் ஒரு பகுதி குருதியில் கலந்து, உமிழ்நீர் வழியே மீண்டும் வாய்க்கு வருகிறது. நாவின் மேல் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. உமிழ்நீரோடு விழுங்கப்பட்ட அந்த நைட்ரைட், உடலினுள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவாகி இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. குழாய் விரிந்தால் அழுத்தம் தணியும். இவ்வாயு உடலுக்குள் செய்தி கொண்டுசெல்லும் பொருளாக விளங்குவதைக் கண்டறிந்ததற்காகவே ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவர்க்கும் 1998-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆதலின் கிருமிநாசினி கலந்த திரவத்தால் நாள்தோறும் வாய் கொப்பளிப்போர்க்கு, நாவில் உள்ள அந்நுண்ணுயிர்கள் அழிந்து, சாற்றின் பயன் குறையக்கூடும். பல் மருத்துவர் குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் பயன்படுத்தச் சொன்னதை வாழ்நாள் வழக்கமாக்கிக் கொள்ள வேண்டியதில்லை. உண்டபின் வெறும் நீரால் வாய் கொப்பளிக்கும் பழைய வழக்கத்தால் இதற்கு இடையூறு இல்லை.

ஆய்வுகள் காட்டிய அளவு

2008-ஆம் ஆண்டில் லண்டன் ஆய்வாளர்கள், நோயற்றவர்கள் சிலருக்கு அரை லிட்டர் பீட்ரூட் சாற்றை அருந்தக் கொடுத்து அளந்து பார்த்தனர். இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் மேல் அளவு ஏறத்தாழ 10 புள்ளிகள் வரை இறங்கியது. சாறு அருந்தியபின் உமிழ்நீரை விழுங்காமல் துப்பச் செய்தபோது அப்பயன் கிட்டவில்லை. 2015-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ள அறுபதுக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர்க்கு நாள்தோறும் 250 மில்லி லிட்டர் பீட்ரூட் சாறும், மற்றப் பிரிவினர்க்கு நைட்ரேட் நீக்கப்பட்ட அதே சாறும் நான்கு வாரம் வழங்கப்பட்டன. முதற்பிரிவினர்க்கு மேல் அளவு சராசரியாக 8 புள்ளிகள் அளவில் குறைந்தது. சாற்றை நிறுத்திய இரண்டு வாரங்களுக்குள் அழுத்தம் பழைய நிலைக்கே திரும்பியது.

இவ்வாய்வுகள் சிறியவை. எல்லா ஆய்வுகளும் இதே பயனைக் காட்டவும் இல்லை. ஏற்கெனவே மாத்திரை உட்கொள்வோரிடம் பீட்ரூட் சாறு குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் தரவில்லை எனக் கூறும் ஆய்வும் உண்டு. ஆகவே இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளலாம். சாற்றினால் ஓரளவு பயன் கிட்டக்கூடும். ஆனால் அது அருந்தும் காலம் வரையே நிற்கும். 170 என்று நிற்கும் மேல் அளவைச் சாறு மட்டும் 130-க்குக் கொண்டுவந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

சாற்றை மட்டும் நம்பாமல் உணவு முழுவதையும் திருத்திக் கொண்டோர்க்குக் கிட்டிய பயன் இதனினும் உறுதியானது. அமெரிக்காவில் 459 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 1997-இல் வெளியான ஆய்வில், காய்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பால் பொருள்கள், முழுத் தானியங்கள் ஆகியவை நிறைந்த உணவை எட்டு வாரம் உண்டவர்களுள் உயர் அழுத்தம் உடையோர்க்கு மேல் அளவு 11 புள்ளிகள் அளவில் குறைந்தது. 2001-இல் அவ்வுணவோடு உப்பையும் குறைத்துப் பார்த்தபோது, இரண்டும் சேர்ந்து ஒவ்வொன்றும் தனித்துத் தந்ததைவிட மிகுந்த பயனைத் தந்தன.

உப்பு சேர்ந்தால் பயன் போகும்

உலக சுகாதார நிறுவனம், பெரியவர் ஒருவர் ஒரு நாளில் கொள்ளத்தக்க உப்பு 5 கிராமுக்கும் குறைவாகவே இருத்தல் வேண்டும் என்கிறது. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவு. சாம்பாரிலும் இரசத்திலும் மோரிலும் இட்ட உப்பு, ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், மாலை நேரக் காராசேவு என அனைத்தையும் கூட்டினால் பெரும்பாலான இல்லங்களில் அந்த அளவு எளிதில் கடந்துவிடும்.

இந்நிலையில் சாற்றிலும் ஒரு சிட்டிகை உப்பு இட்டால், ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பறித்துக்கொண்டதாகவே முடியும். கடைகளில் விற்கும் சாறுகளில் சுவைக்காக உப்பும், உப்புக் கலந்த மசாலாப் பொடியும் சேர்ப்பது வழக்கம். அடைத்து விற்கப்படும் காய்கறிச் சாறுகளிலும் சோடியம் மிகுந்திருக்கலாம். உறையில் அச்சிட்டுள்ள அளவைப் பார்த்த பின்னரே வாங்குதல் நன்று. வீட்டில் செய்யும் சாற்றுக்கு எலுமிச்சை, இஞ்சி, சீரகப் பொடி, கொத்துமல்லி, புதினா ஆகியவை போதும். ஓரிரு வாரங்களில் நாவு அச்சுவைக்குப் பழகிவிடும். உப்பில்லாத பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றி உண்ணும் நாவிற்கு இது அரிய செயல் அன்று.

பொட்டாசியம் கலந்த மாற்று உப்புகளும் இன்று கிடைக்கின்றன. சிறுநீரகக் குறைபாடு உள்ளோர்க்கு அவை தீங்காகும். மருத்துவரைக் கேளாமல் அவற்றை வாங்குதல் ஆகாது.

எந்தச் சாறு, எவ்வளவு

நாளொன்றுக்கு ஒரு குவளை, அதாவது 150 முதல் 200 மில்லி லிட்டர் போதுமானது. நடுத்தர அளவுள்ள பீட்ரூட் ஒன்றை நன்கு கழுவித் தோல் சீவித் துருவி, நீர் விட்டு அரைத்து, எலுமிச்சைச் சாறு சில துளிகள் சேர்த்து அருந்தலாம். அருந்திய பின் சிறுநீரோ மலமோ சிவந்து தோன்றினால் அஞ்ச வேண்டாம். அது பெரும்பாலும் பீட்ரூட்டின் நிறமே. சாறு அருந்தாத நாளிலும் அந்நிறம் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

பீட்ரூட், காரட் முதலியவற்றை ‘இங்கிலீஷ் காய்’ என்று கூறித் திதி நாட்களில் விலக்கும் குடும்பங்கள் உண்டு. அத்தகையோர்க்குக் கீரையே நல்ல மாற்று. முளைக்கீரையையோ தண்டுக்கீரையையோ சிறிது பாசிப்பருப்புடன் வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டாமல் அதனுடனேயே மசித்து, மிளகும் சீரகமும் சேர்த்து நீர்த்த சாறாக அருந்தலாம். நைட்ரேட்டும் பொட்டாசியமும் நீரில் கரைபவை. கீரை வெந்த நீரைக் கொட்டினால் அவற்றின் ஒரு பகுதியும் உடன் போய்விடும். வெண்பூசணி, வெள்ளரி ஆகியவற்றின் சாற்றில் பெரும்பகுதி நீரே. காலை வேளையில் சர்க்கரை நிறைந்த காப்பிக்கோ உப்பிட்ட பானத்திற்கோ மாற்றாக அருந்தத் தக்கவை என்பதே அவற்றின் சிறப்பு.

சாற்றை அவ்வப்போது புதிதாகத் தயாரித்து உடனே அருந்துதல் வேண்டும். காலையில் அரைத்ததை மாலை வரை வெளியில் வைத்திருந்தால் நுண்ணுயிர்கள் பெருகும். வடிகட்டினால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடும். மலச்சிக்கல் உள்ள முதியோர் வடிகட்டாமல் அருந்துவதே நன்று. வடிகட்டியே ஆக வேண்டுமெனில் சக்கையைச் சப்பாத்தி மாவிலோ அடை மாவிலோ சேர்த்துக் கொள்ளலாம். நீரிழிவு உள்ளோர் பீட்ரூட், காரட் சாறுகளைக் காட்டிலும் அக்காய்களைப் பொரியலாகவோ கூட்டாகவோ உண்பது சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உதவும்.

கசந்தால் உமிழ்க

சுரைக்காய்ச் சாற்றைப் பற்றித் தனியே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சில சுரைக்காய்களில் குக்கர்பிட்டசின் என்னும் நச்சுப்பொருள் மிகுந்துவிடுவது உண்டு. அத்தகைய காயின் சாறு கசக்கும். கசப்பான மருந்தே நல்லது என்று எண்ணி அதனைப் பருகியவர்கள் கடும் வாந்தியும் இரத்தப்போக்கும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் கண்டு மருத்துவமனை சேர்ந்ததுண்டு, உயிரிழப்பும் நேர்ந்துள்ளது. இதனை ஆராய்ந்த இந்திய நிபுணர் குழுவின் அறிக்கை 2012-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இதழில் வெளியாயிற்று. சாறெடுக்கும் முன் காயின் சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்தல் வேண்டும், கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிட வேண்டும், சுரைக்காய்ச் சாற்றை வேறு சாறுகளுடன் கலத்தல் ஆகாது என்பன அதன் சாரம். வேறு சாறு கலந்தால் கசப்பு மறைந்துவிடும் என்பதே கடைசி விதிக்குக் காரணம். தவறிக் கசப்புச் சாற்றைக் குடித்துவிட்டு வாந்தியோ வயிற்றுவலியோ கண்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

யார் கேட்டறிந்து அருந்த வேண்டும்

சிறுநீரக நோய் உள்ளோர்க்குப் பொட்டாசியம் உடலில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கக் கூடும். இரத்த அழுத்தத்திற்காகவே வழங்கப்படும் டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை உயர்த்தும் இயல்புடையவை. இவற்றை உட்கொள்வோர் நாள்தோறும் சாறு அருந்தத் தொடங்குமுன் மருத்துவரிடம் கூறி, குருதியில் பொட்டாசிய அளவையும் சிறுநீரகத்தின் செயலையும் சோதித்தறிவது நலம்.

இதய வால்வு சிகிச்சைக்குப் பின் குருதி உறையாதிருக்க வார்ஃபரின், அசினோகூமரால் முதலிய மருந்துகளை எடுத்துக்கொள்வோர், கீரைச் சாற்றைத் திடீரெனக் கூட்டினால் அம்மருந்தின் வலிமை குறையும்; கீரையில் உள்ள வைட்டமின் கே அதற்குக் காரணம். சிறுநீரகக் கல் வந்தோர்க்குப் பசலைக்கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள ஆக்சலேட் தொல்லை தரலாம். இதயத் தளர்ச்சியால் நீர் அளவு வரையறுக்கப்பட்டோர், சாற்றையும் அந்த அளவிலேயே சேர்த்துக் கணக்கிடுதல் வேண்டும்.

விரத நாளும் மாத்திரையும்

ஏகாதசியன்றும் சஷ்டியன்றும் மாத்திரையை விட்டுவிட்டு, அதற்கு ஈடாகச் சாறு மட்டும் அருந்தும் பெரியோர் உண்டு. மாத்திரை விழுங்கினால் விரதம் பங்கமாகும் என்னும் அச்சமே இதற்குக் காரணம். அந்த அச்சம் தேவையற்றது. விரதத்தைக் குலைக்காதவை என எட்டினை மகாபாரதம் எடுத்துக் கூறுகிறது. நீர், கிழங்கு, கனி, பால் ஆகியவற்றோடு மருந்தும் அவ்வெட்டில் ஒன்று. குருவின் சொல்லும் ஒன்று. உடல் நிலை அறிந்து வழிகாட்டும் மருத்துவரின் சொல்லையும் அவ்விடத்தில் வைத்துப் போற்றலாம்.

சில மாத்திரைகளை ஒரே நாள் நிறுத்தினாலும் அழுத்தம் தாவி உயரக்கூடும். மறுபுறம், நீரும் அருந்தாத கடும் உபவாசத்தில் சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகளை உட்கொண்டால் அழுத்தம் மிகத் தாழ்ந்து மயக்கம் வரவும் கூடும். ஆகையால் விரத நாட்களில் எந்த மாத்திரையை எப்போது உட்கொள்வது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வதே முறை. சாறும் மாத்திரையும் சேர்ந்து அழுத்தத்தைத் தணிக்கும்போது சிலருக்கு எழுந்தவுடன் தலை சுற்றலாம். நமஸ்காரம் செய்து எழுகையிலும், சந்நிதியில் நெடுநேரம் அமர்ந்து எழுகையிலும் தூணையோ சுவரையோ பற்றி மெல்ல எழுதல் வேண்டும். முதுமையில் இடுப்பெலும்பு முறிவும் இரத்த அழுத்தத்திற்கு இளைத்த துன்பம் அன்று.

எண்ணைக் குறித்து வைத்தல்

சாறு பயன் தருகிறதா என்பதை அறியும் வழி ஒன்றே. வீட்டில் உள்ள கருவியால், காப்பி அருந்தி அரை மணி நேரம் கழிந்தபின், ஐந்து நிமிடம் அமைதியாக நாற்காலியில் சாய்ந்து அமர்ந்து, பாதம் தரையில் படிய, கை இதயத்தின் மட்டத்தில் இருக்க, பேசாமல் அளத்தல் வேண்டும். காலையும் மாலையும் இருமுறை வீதம் அளந்து நாட்குறிப்பில் எழுதி வரலாம். சாறு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே இக்குறிப்பைத் தொடங்கினால், நான்கு வாரம் கழித்து ஒப்பு நோக்க முடியும். எண்கள் இறங்கியிருப்பின் அக்குறிப்பை மருத்துவரிடம் காட்டலாம். மாத்திரையின் அளவைக் குறைப்பதா என்பதை அவரே முடிவு செய்வார். எண்கள் மாறாதிருந்தாலும் காய்கறியை விட வேண்டியதில்லை.

தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கும் கைகள் ஆயிரம். அவற்றுள் ஒரு கையால் மட்டும் தேர் நகர்ந்துவிடாது. ஆயினும் அக்கை வீணும் அன்று. மாத்திரை, உப்புக் குறைந்த உணவு, அன்றாட நடை, நல்ல உறக்கம் ஆகியவற்றோடு ஒரு குவளைச் சாறும் சேர்ந்து வடம் பிடிக்கட்டும். உடம்பை இறைவன் உறையும் கோயிலாகப் போற்றியவர் திருமூலர். அக்கோயிலைப் பேணுவதும் வழிபாட்டின் ஒரு பகுதியே. நாளைக் காலை சாறு அரைக்கும் இல்லங்களில் உப்புச் சாடி அலமாரியிலேயே இருக்கட்டும். மாத்திரைப் பெட்டி மட்டும் வழக்கம்போல் மேசைக்கு வரட்டும்.